உப்பை வெளியே தள்ளும் குழாய்

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைக் கையோடு கூட்டி வர வேண்டும். அது முறை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். என் வீட்டில் தாய் இல்லை. என் மனைவி போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் வீடு இருக்கிறது. நான் இருக்கிறேன். அதனால் கூட்டி வரத்தான் பெங்களூருக்குப் போனேன். என் மகளும் பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

சாப்பாடு ஆனது. வெற்றிலைத் தட்டு வந்தது. அப்போது சம்பந்தியம்மா பேச ஆரம்பித்தார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. பொண்ண பாத்துக்க ஆள் இருக்கான்னு நான் கேக்க மாட்டேன். அது உங்க கவல. நான் கேக்கறது தண்ணி."

"தண்ணிக்கு இன்னாங்க?"

"நிச்சயத்துக்கு உங்க வீட்டுக்கு வந்தோமே, அன்னிக்கி பருப்பு வெந்துச்சா? குக்கரு விசிலடிச்சு விசிலடிச்சு தொண்ட கட்டிக்கிச்சு. பருப்பு மட்டும் போட்டது போட்டபடி கெடக்குது."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடந்ததுதான்.

"அந்தத் தண்ணிய புள்ளத்தாச்சி குடிக்கணும். பொறக்கிற குழந்தைய அதுலதான் குளிப்பாட்டணும். சோப்பு போட்டா நுரையே வராது உங்க ஊர்ல. கேன் தண்ணின்னு சொல்லாதீங்க. கேனுல குளிப்பாட்ட முடியுமா?"

கேன் என்றுதான் சொல்ல இருந்தேன்.

மாப்பிள்ளை நல்ல பையன். தலையைக் குனிந்துகொண்டு, "தண்ணி ஒண்ணுதான் மாமா" என்றார்.

மகள் கதவருகே நின்றாள். என்னையே பார்த்தாள். அவள் அம்மா சாகும்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் இதைக் கொடு, அதைக் கொடு என்று எதுவும் கேட்டதில்லை. வீட்டுக்கு வரணும் என்று ஒன்றுதான் போனில் கேட்டாள். அதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

நான் எழுந்தேன்.

"தண்ணிய நான் சரி பண்றேன். பண்ணிட்டு வந்து இட்டுனு போறேன்" என்றேன். மகளிடம், "பைய அவுக்காத" என்றேன்.

ரயில் ஏறி வந்துவிட்டேன்.

எங்கள் வீடு கே.ஜி.எஃப்.பில் நந்திதுர்க் பக்கம். தங்கச் சுரங்கம் ஓடின மைன்ஸ் காலத்து லைன் வீடு. நீளமாக ஒரே கட்டடம், அதில் வரிசையாக வீடுகள். என் வீட்டுச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். குழாய்த் தண்ணீர் வரும்போது வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் லைன் கோடியில் இருக்கிற போர் தண்ணீர். அது உப்பு. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்த பிறகு வெள்ளையாக வட்டம் நிற்கும். குடிக்க மட்டும், காசு போட்டால் தண்ணீர் விடுகிற பிளாண்டுக்குச் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போவோம். பிளாண்டு ரிப்பேர் என்றால் அந்தக் கேனோடு அடுத்த பிளாண்டுக்குப் போவோம்.

இந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தோம். மகளும் இதில்தான் வளர்ந்தாள். அதைச் சொன்னால் சம்பந்தியம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. அவர் கேட்டதில் தப்பில்லை.

பங்காருபேட்டையில் ஆர்.ஓ. மிஷின் விற்கிற கடை இருக்கிறது. போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே மெக்கானிக் பைக்கில் மிஷினைக் கட்டிக்கொண்டு வந்தார். நடு வயது. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ். எல்லாம் ஒரே வேகம். போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, பேனா மாதிரி ஒரு மீட்டரை அதில் விட்டார். தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அது காட்டும். நாலு இலக்கத்தில் ஒரு நம்பர் வந்தது.

"அய்யய்யோ ணா! இது தண்ணியா, ஊறுகாயா?"

"அதுக்குத்தான் உன்ன கூப்புட்டது."

சமையல் அறையில் இடம் காட்டினேன். டிரில் மிஷினைச் சுவரில் வைத்து அழுத்தினார். சுவர் மண்ணும் கல்லும். வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தது. மாவு மாதிரி கொட்டியது. கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கேயும் கொட்டியது. மூன்றாவது இடத்தில் பலமாக அழுத்தினார். திடீரென்று லேசாகப் போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம்.

"அண்ணே! காலண்டர்ல ஓட்ட போட்டுனு கம்பி வருது! இன்னாண்ணே இது?"

பக்கத்து வீட்டம்மா. மகளைப் பிரசவத்துக்குப் பார்த்துக்கொள்ள, பத்தியச் சோறு போட, எல்லாம் நான் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவள். மாதா கோயிலில் கொடுத்த காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அந்த மாதத்தில் நடுவில் ஓட்டை.

"ஞாயித்துக்கெழம போயிட்ச்சி பாருங்க. நான் எப்டி பூசைக்குப் போறது?"

"தண்ணி மிஷின் மாட்றோம்மா."

"அத்த சொல்லக்கூடாதா? ஓட்டதான் போட்டாச்சே, எங்க வூட்டுக்கும் ஒரு பைப்பு விட்டுடுங்க."

மெக்கானிக் கருவிகளை எடுத்துப் பையில் வைத்தார். "பேடா ணா, வேணாம். இந்தச் சுவர்ல ஸ்க்ரூ நிக்காது. மிஷினு விழுந்தா உடஞ்சிடும். சிமெண்ட் பூசிட்டு, காஞ்சப்புறம் கூப்புடுங்க."

அவ்வளவு நாள் என்னிடம் இல்லை. "நீ டீ குடிச்சிட்டு வா தம்பி" என்றேன்.

மைன்ஸ் மூடுகிற வரைக்கும் நான் அண்டர்கிரவுண்டில் பைப் ஃபிட்டர். கீழே கல் நிற்காத இடத்தில் கல்லை நம்பமாட்டோம். இரண்டு மரத்தைக் கால் மாதிரி நிறுத்தி, மேலே ஒரு குறுக்கு மரம் கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்குவோம். அதற்கு செட் என்று பெயர். ஒரு ஆணி வேண்டாம். பழைய கட்டில் சட்டம் கொல்லையில் கிடந்தது. அறுத்தேன். இரண்டு கால் தரையில், தலை உத்தரத்தில். குறுக்கே ஒன்று. ஆப்பை அடித்தேன். சுவரைத் தொடவில்லை.

மெக்கானிக் டீ குடித்துவிட்டு வந்தார். பிடித்து ஆட்டிப் பார்த்தார். தொங்கிப் பார்த்தார்.

"ணா, இது தண்ணி மிஷினுக்கா, ஆனை கட்டறதுக்கா?"

"மாட்டு."

மாட்டினார். வெளியே கல் மேடை கட்டி, போர் தண்ணீர் ஊற்ற ஒரு டிரம்மைத் தூக்கி வைத்திருந்தேன். அதில் இருந்து பைப் இழுத்தார். கரண்ட் கொடுத்தார். மிஷின் உறுமியது. முதல் டேங்க் தண்ணீரைக் கீழே விடச் சொன்னார்.

"கீழயா?"

"கீழதான். புது மிஷினு. குடிக்கக்கூடாது."

பக்கத்து வீட்டம்மா அதற்குள் பக்கெட்டோடு வந்துவிட்டாள். பாத்திரம் கழுவ ஆகும் என்று தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டாவது டேங்கில் மீட்டரை விட்டார். இரண்டே இலக்கம். குடித்தேன். நாக்கில் எதுவும் தெரியவில்லை. அதுதான் நல்ல தண்ணீர் என்றார்.

மிஷினில் இருந்து சின்னதாக ஒரு வெள்ளைக் குழாய் வெளியே வரும். அது கழிவுத் தண்ணீர். அதை ஜன்னல் வழியாகச் சாக்கடைக்கு விட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தக் குழாயைப் பார்த்தேன். உள்ளே ஒரு குடம் ரொம்புவதற்குள் வெளியே அதைப்போல இரண்டு மூன்று குடம் போய்விடுகிறது. எங்கள் லைனில் அரிசி கழுவின தண்ணீரைக்கூடக் கொட்டமாட்டோம். கை அலம்பினது செடிக்குப் போகும். துணி அலசினது கக்கூஸுக்குப் போகும். இங்கே தெளிந்த தண்ணீர் சாக்கடையில் ஓடுகிறது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது.

மைன்ஸில் நாங்கள் இப்படி விடமாட்டோம். கல்லில் துளை போடுகிற மிஷினுக்குத் தண்ணீர் வேண்டும். ஓடின தண்ணீர் காலடியிலேயே ஓடிப் பள்ளத்தில் தேங்கும். சேறு அடியில் தங்கும். மேல் தண்ணீரை பம்பில் இழுத்துத் திரும்ப மிஷினுக்கே கொடுப்போம். அந்த பைப் லைனெல்லாம் போட்டவன் நான்.

சாக்கடையில் இருந்து குழாயை எடுத்தேன். இன்னும் கொஞ்சம் பைப் சேர்த்து, மேடைமேல் இருக்கிற டிரம்முக்குள்ளேயே விட்டேன். ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை.

மகளுக்குப் போன் போட்டேன். "மிஷின் போட்டாச்சி. கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்துட்டு, அடுத்த ஞாயித்துக்கெழமக்கி அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்."

"பை கட்டினபடியே கீதுப்பா" என்றாள்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. டிரம்மில் குறையக் குறைய போர் தண்ணீரை ஊற்றினேன். பிறகு மிஷின் மெதுவானது. ஒரு குடம் ரொம்புவதற்குக் காலையில் இருந்து மத்தியானம் வரை ஆனது. டம்ளரில் வெள்ளை வட்டம் வந்தது. கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். கிளம்ப வேண்டிய ஞாயிறு கிட்ட வந்ததும் சந்தேகம் வேண்டாமென்று துவரம்பருப்பு போட்டேன். மிஷின் தண்ணீரில். குக்கர் விசிலடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பக்கத்து வீட்டம்மா கேட்டாள். "அண்ணே, சம்பந்தியம்மா வந்துகீறாங்களா? அன்னிக்கி மாரியே சத்தம் கேக்குது."

திறந்து பார்த்தேன். பருப்பு போட்டது போட்டபடி கிடந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார். மிஷினைப் பார்த்தார். வெளியே போய் டிரம்மில் மீட்டரை விட்டார். எடுத்து உதறிவிட்டு மறுபடி விட்டார்.

"ணா, மீட்டரே பயந்துபோச்சு. போர் தண்ணிக்கு மேல பல மடங்கு உப்பு. கடல்ல இருந்து மொண்டுனு வந்தீங்களா?"

அப்புறம் குழாயைக் கண்டுபிடித்தார்.

"இத்த இங்க யார் விட்டது?"

"நான்தான்."

"ஏன் ணா?"

"வீணாப் போச்சி. அதான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு மேடைமேல் உட்கார்ந்து சொன்னார்.

"மிஷினு உப்ப தின்னாது ணா. பிரிச்சி வெளிய தள்ளும், அவ்ளோதான் அதோட வேல. அது தள்ளத் தள்ள நீங்க திரும்ப வா வான்னு உள்ள கூப்புட்டுனு கீறீங்க. சுத்திச் சுத்தி உப்பு ஏறிப்போச்சு."

சேறு அடியில் தங்கும். உப்பு தங்காது. எனக்கு அது தோன்றவில்லை.

மிஷினைக் கழற்றினார். உள்ளே உருளையாகச் சுருட்டி ஒரு சாமான் இருக்கிறது. மெம்ப்ரேன் என்பார்கள். உப்பைப் பிரிப்பது அதுதான். அதன் வாயில் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது.

"இது போச்சு. வேற போடணும். கடைல இல்ல. பெங்களூர்ல இருந்து வரணும். அடுத்த வாரம் ஆவும்."

"ஞாயித்துக்கெழம நான் போவணும்."

"ஆவாது ணா."

"நீ பைக்க எடு."

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பங்காருபேட்டையில் அவர் கடையில் மெம்ப்ரேன் இல்லை. பக்கத்துக் கடையில் இல்லை. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடைக்காரர் இருக்கு என்றார், ஆனால் வேறொருவருக்கு எடுத்து வைத்தது, தரமாட்டேன் என்றார். நான் போகவில்லை. கடை ஓரமாக நின்றேன். கடைக்காரர் டீ குடிக்கப் போனார், வந்தார். நான் நின்றேன். மெக்கானிக் என்னைக் காட்டி அவரிடம் தெலுங்கில் என்னவோ சொன்னார். பொண்ணு, பிரசவம் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"எத்தன நேரம் நிப்பீங்க பெரியவரே?"

"கெடைக்கிற வரைக்கும்."

எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் மாட்ட வருவதாக மெக்கானிக் சொன்னார். அதற்குள் டிரம்மைக் காலி பண்ணி வைக்கச் சொன்னார்.

அது ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. ரொம்பி நிற்கிற டிரம். தண்ணீரைத் தெருவில் கொட்டிப் பழக்கமே இல்லை. கை வரவில்லை. லைனில் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"அண்ணனுக்கு இன்னா ஆச்சி? டிரம்ம கவுக்குறாரு!"

"மருந்து கிருந்து கலந்துட்ச்சா?"

"உப்பு" என்றேன்.

"உப்பு இன்னிக்கி நேத்தா கீது நம்ம ஊர்ல?"

கவிழ்த்தேன். சாக்கடை ரொம்பித் தெருமுனை வரைக்கும் ஓடியது. அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

பக்கத்து வீட்டம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே அந்தக் கழிவுத் தண்ணி சாக்கடைக்கா போவும்?"

"வேற எங்க போவும்?"

"மேல இருக்கிற டிரம்முல வுடாதீங்க. கீழ ஒரு டிரம்மு வச்சி அதுல புடிங்க. கக்கூஸுக்கு ஊத்த, வாசல் கழுவ ஆவாதா? உப்பா இருந்தா கக்கூஸு கோச்சிக்குமா?"

சரியாகத்தான் சொன்னாள். அவள் வீட்டில் சும்மா இருந்த டிரம்மையே உருட்டிக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். மிஷின் ஓடும்போது அதில் ரொம்பும். இரண்டு வீட்டுக்கும் பொது என்று பேசிக்கொண்டோம். இப்போது நாலு வீட்டுக்குப் பொது.

சனிக்கிழமை மெம்ப்ரேன் மாட்டியாகிவிட்டது. முதல் தண்ணீரை விட்டோம். மீட்டரில் இரண்டு இலக்கம். மெக்கானிக் வெள்ளைக் குழாயைக் கீழ் டிரம்மில் விட்டு, மேலே தூக்க முடியாதபடி கம்பியால் கட்டினார். "இத்த மட்டும் தொடாதீங்க ணா" என்றார். பருப்பு போட்டேன். வெந்தது. விரலால் நசுக்கினேன். ஒட்டிக்கொண்டது.

ஞாயிறு காலையில் ஒரு கேனில் அந்தத் தண்ணீரைப் பிடித்தேன். மூடியை இறுக்கினேன். ரயில் ஏறினேன். ஞாயிறானாலும் வேலைக்குப் போகிற ஆட்கள் இருந்தார்கள். செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி வேலை. நானும் மைன்ஸ் மூடின பிறகு அந்த ரயிலில் அப்படிப் போனவன்தான். தெரிந்த முகங்கள்.

"இன்னா பெருசு, கேன்ல சரக்கா?"

"தண்ணி."

"கே.ஜி.எஃப்.ல இருந்து பெங்களூருக்குத் தண்ணியா? ஊரு உருப்பட்டுட்ச்சி போ!"

பெட்டியே சிரித்தது. கேனை மடியில் வைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், கேனைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி இது?"

"எங்க வூட்டு தண்ணி. பருப்பு போடுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கேனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குடித்தார். பிறகு குக்கரை வைத்தார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை பேப்பர் படிக்கிற மாதிரி பிடித்திருந்தார். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது.

குக்கர் நின்றது. சம்பந்தியம்மா கரண்டியில் பருப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். கூழாகக் குழைந்திருந்தது.

"கரண்ட் போனா?" என்றார்.

"முன்னாடியே ரொப்பி வச்சிப்பேன்."

"மிஷின் ரிப்பேரானா?"

"ஆச்சிங்க. பண்ணிட்டேன்."

அவர் கரண்டியைத் தாழ்த்தினார். "தண்ணின்னு சொன்னா விட்டுடுவீங்கன்னு நெனச்சேன் சம்பந்தி. அம்மா இல்லாத வீடு. எப்படி அனுப்பறதுன்னு பயம் எனக்கு."

"எனக்கும்தாங்க" என்றேன்.

அவர் சமையலறைக்குத் திரும்பினார். கேனில் மீதி இருந்த தண்ணீரைக் கீழே கொட்டவில்லை. குடத்தில் ஊற்றி மூடினார். உள்ளே இருந்தே சொன்னார்.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள கெளம்புங்க. சாப்ட்டுட்டுப் போங்க, பருப்பு வெந்துடுச்சே."

மகள் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் இருந்து பையை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சமையலறையில் மரச் சட்டத்தையும் அதில் தொங்கும் மிஷினையும் பார்த்தாள். "இன்னாப்பா இது, சுரங்கத்த வூட்டுக்கே இட்டுனு வந்துட்டியா?" என்றாள். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ருசியே இல்லியே. நம்ம வூட்டுத் தண்ணி மாரியே இல்ல."

"பழகிக்கோ."

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த அன்று சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். நான்தான் குளிப்பாட்டுவேன் என்று உட்கார்ந்துகொண்டார். முந்தின நாளில் இருந்தே குடம், அண்டா, பக்கெட் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டம்மா சுட வைத்து எடுத்துக்கொண்டு போனாள். நான் மிஷின் பக்கத்தில் நின்றேன். குழந்தை கத்துவது கேட்டது.

"நுரை வருதுங்களா?" என்று கேட்டேன்.

"வருது வருது" என்றார் சம்பந்தியம்மா. "கண்ணுல போயிடும் போல இருக்கு. இன்னும் ஒரு செம்பு தண்ணி குடுங்க."

கொடுத்தேன்.